ஒறம்பரை வந்திருக்குது

மறதி நோய் முற்றிய ஒருவர், எப்போதோ இறந்துபோன தன் தாயோடும் அண்ணனோடும் பேசத் தொடங்கினால், வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் மூன்று விளக்கங்களில் ஒன்றைப் பற்றிக்கொள்கிறார்கள். நோய் முற்றிவிட்டது என்பார் ஒருவர். காய்ச்சலில் பிதற்றுகிறார் என்பார் இன்னொருவர். கூப்பிட வந்துவிட்டார்கள், இனி அதிக நாள் இல்லை என்பார் வயதில் மூத்தவர். என் மாமியாருக்கு இம்மூன்றுமே வெவ்வேறு காலத்தில் நேர்ந்தன. கட்டிலின் அருகிலேயே இருப்பவருக்குக்கூட அவற்றைப் பிரித்தறிவது எளிதல்ல என்பதும், பிரித்தறியாமல் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தையோ ஒரே மந்திரத்தையோ தேடினால் படுத்திருப்பவருக்கு வீண் துன்பம் நேரும் என்பதும்தான் இதை எழுதுவதற்குக் காரணம்.

நாங்கள் இருப்பது கோபிசெட்டிபாளையத்துக்கு அருகில், கொடிவேரியில் பிரியும் தடப்பள்ளி வாய்க்கால் பாயும் ஊர்களில் ஒன்றில். நெல்லும் வாழையும் மஞ்சளும் விளைகிற இந்த மண்ணுக்கு என் மாமியார் மருமகளாக வந்தது 1960களின் தொடக்கத்தில். அவர் பிறந்ததோ காங்கயம் பக்கம், கிளுவை வேலி போட்ட கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலமும், மாடு பூட்டிக் கவலையில் நீர் இறைத்த ஆழமான கிணறும், மாட்டுக் கட்டுத்தரையுமாக இருந்த வானம் பார்த்த பூமியில். நான் அவரை அத்தை என்றே அழைத்தேன். இங்கும் அப்படியே எழுதுகிறேன். எழுபத்தைந்தைத் தாண்டிய பிறகு வெந்நீர் அடுப்பை மறந்தார், பிறகு மாதத்தை மறந்தார், பிறகு என்னை மறந்தார். கோயம்புத்தூரில் பார்த்த நரம்பியல் மருத்துவர் அல்சைமர் வகை டிமென்ஷியா, அதாவது மறதி நோய் என்று சொன்னார். நம் நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதத்தினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கிறது என்று 2023இல் வெளியான, முதியோரிடையே நாடளாவிய அளவில் நடந்த லாசி-டாட் ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. அப்படியிருந்தும் எங்கள் ஊரில் அது இன்னும் "வயசாயிருச்சு, நெனப்புத் தப்பிப்போச்சு" என்ற அளவிலேயே பேசப்படுகிறது.

இறந்தவர்கள் அத்தையின் பேச்சில் கடைசி வாரங்களில்தான் முதன்முதலாக வந்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. நோயின் நடுப்பகுதியிலேயே அவர்கள் எல்லாரும் அவருக்கு உயிரோடு இருந்தார்கள். பொழுது சாயத் தொடங்கியதும் அவருக்கு இருப்புக் கொள்ளாது. வாசலுக்கும் ஆசாரம் என்னும் கூடத்துக்குமாக நடப்பார். "அம்மா தேடுவாங்க, நான் வீட்டுக்குப் போகோணும்" என்பார். இதுதானே உங்கள் வீடு என்றால் கோபம் வரும். அவருடைய அம்மா இறந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது என்று யாராவது உறவினர் நல்ல எண்ணத்தோடு எடுத்துச் சொன்னால், சாவுச் செய்தி அன்றுதான் வந்தது போல மாரில் அடித்துக்கொண்டு அழுவார். அழுத காரணம் சற்று நேரத்தில் மறந்துவிடும், அழுகை மட்டும் நிற்காது. மாலை நேரத்தில் குழப்பம் கூடுவது இந்நோயில் பரவலாகக் காணப்படும் ஒன்று. அண்மைக் கால நினைவுகள் முதலில் அழிவதால், நோயாளி தன் இளமைக் காலத்துக்குள் போய்விடுகிறார்; அங்கே தாய் உயிரோடுதான் இருக்கிறார், ஆனால் கண்ணில் படவில்லை. அதனால்தான் தேடல், அதனால்தான் பதற்றம். அத்தையின் அந்த ஆண்டுகளை எண்ணிப் பார்க்கும்போது என் நினைவில் நிற்பது அவருடைய மறதியைவிட இந்தத் தேடல்தான்.

கடைசியில் நடந்தது இதற்கு நேர்மாறானது. நடை நின்று, படுக்கையோடு ஆன பிறகு, உணவு குறைந்து, உறக்கம் கூடி, நாளின் பெரும்பகுதி கண்மூடிக் கிடந்த காலத்தில், அவர் தேடுவதை நிறுத்திவிட்டார். தேடியவர்கள் வந்துவிட்டார்கள். ஒருநாள் முற்பகலில், பல மாதங்களாக இரண்டு சொற்களுக்கு மேல் சேர்த்துப் பேசாதவர், கால்மாட்டுப் பக்கம் பார்த்தபடி, "ஒறம்பரை வந்திருக்குது அம்மிணி, வட்டல்ல சோறு போட்டுக் குடு" என்றார். குரலில் பதற்றம் இல்லை. வீட்டுக்கு விருந்தாளி வந்துவிட்ட பொறுப்பு மட்டும் இருந்தது. யாருங்க அத்தை வந்திருக்காங்க என்று கேட்டேன். இதுகூடத் தெரியவில்லையா என்பது போல என்னைப் பார்த்துவிட்டு, "அம்மாளும் பெரியண்ணனும்" என்றார்.

அதன்பிறகு பெரியண்ணன் அடிக்கடி வந்தார். வண்டி பூட்டியாயிற்றா, மாடு தண்ணீர் குடித்ததா என்று அத்தை அவரிடம் கேட்பார், பதிலுக்குக் காத்திருப்பார், பதில் கிடைத்தது போலத் தலையசைப்பார். அம்மா பேசுவதில்லை போலும். அவர் வெறுமனே உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் நாங்கள் நாற்காலியைப் போட்டால் அத்தைக்குப் பிடிக்கவில்லை, எடுத்துவிட்டோம்.

இவற்றுக்கு நடுவே ஓர் இரவு வேறு மாதிரியாக இருந்தது. அன்றைக்கு அவருடைய கண்கள் ஓரிடத்தில் நிற்கவில்லை. சுவரில் எறும்பு சாரி சாரியாக இறங்குகிறது என்றார்; போர்வையைப் பிய்த்துப் பிய்த்துப் பார்த்தார்; கட்டுத்தரையில் கத்தியோடு ஆட்கள் நிற்கிறார்கள், மாட்டை அவிழ்க்கிறார்கள் என்று கத்தினார்; தொட வந்த கையைக் கடிக்கப் போனார். அரை மணி நேரம் அடங்கிக் கிடப்பார், மறுபடி தொடங்குவார். செய்தி கேட்டு வந்த உறவினர் ஒருவர், போன வாரமே ஆள் வந்து உட்கார்ந்திருப்பதாகச் சொன்னீர்களே, இது காற்றுக் கருப்பின் வேலை, மந்திரித்துக் கயிறு கட்டுங்கள் என்றார். இன்னொருவர், உயிர் பிரியாமல் இழுக்கிறது, ஏதோ மண்ணாசை இருக்கிறது, தோட்டத்து மண்ணைக் கரைத்து வாயில் ஊற்றுங்கள் என்றார். இந்த வழக்கத்தின் பின்னால் உள்ள கனிவை நான் மதிக்கிறேன். ஆனால், விழுங்கும் திறன் போய்விட்ட ஒருவரின் வாயில் எதை ஊற்றினாலும், அது மண் கரைத்த நீரானாலும் கடைசிப் பாலானாலும், மூச்சுக்குழலுக்குள் போகும் வாய்ப்பு மிகுதி. பால் தொட்ட பஞ்சால் உதட்டை நனைத்தால் சடங்குக்குச் சடங்கும் ஆயிற்று, வறண்ட வாய்க்கு இதமும் ஆயிற்று.

அந்த இரவில் நிகழ்ந்ததற்கு மருத்துவத்தில் டெலீரியம் என்று பெயர். உடலில் ஏற்படும் வேறொரு கோளாறு மூளையை உலுக்கிவிடுவதால் வரும் திடீர் மனக்குழப்பம். டிமென்ஷியா மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல இறங்குவது. டெலீரியம் சில மணி நேரங்களில் அல்லது ஓரிரு நாட்களில் வந்து நிற்பது, ஒரே நாளுக்குள் ஏறி இறங்குவது, எதிலும் கவனத்தை நிலைக்க விடாதது. டிமென்ஷியா உள்ளவர்களுக்கு இது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிக அதிகம். காரணங்கள் பலவும் சாதாரணமானவை: சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, மலச்சிக்கல், சிறுநீர் அடைத்துக்கொள்வது, உடலில் நீர் வற்றுவது, இரத்தத்தில் சோடியம் குறைவது, வெளியே சொல்லத் தெரியாத வலி, தூக்க மாத்திரை, ஒவ்வாமைக்குத் தரும் சில பழைய வகை மாத்திரைகள். அத்தைக்கு இருந்தது சிறுநீர்த் தொற்று. மருந்து கொடுத்த சில நாட்களில் எறும்புகளும் கத்திக்காரர்களும் போய்விட்டார்கள். அம்மாவும் பெரியண்ணனும் போகவில்லை.

இந்த ஒன்றைத்தான் நான் மறுபடி மறுபடி எண்ணிப் பார்க்கிறேன். ஒரே மூளை, ஒரே கட்டில், ஏறக்குறைய ஒரே வாரம். ஒரு காட்சி மருந்துக்குக் கரைந்தது, மற்றது கரையவில்லை. கரையாதது மறுவுலகத்திலிருந்து வந்தது என்று நான் சொல்லவரவில்லை. என் கணவர் கல்லூரியில் விலங்கியல் படித்தவர். ஆக்சிஜன் குறைவும் அழிந்துகொண்டிருக்கும் மூளை அணுக்களும் சேர்ந்து உருவாக்கும் தோற்றம் இது என்பது அவருடைய கருத்து, அதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் காட்சி எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு விடை கிடைத்தாலும், அதைக் காண்பவரிடம் நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது அதிலிருந்து தானாகக் கிடைத்துவிடாது. அதற்கு வேறொரு கேள்வி தேவைப்படுகிறது.

அந்தக் கேள்வியைக் கேட்டது, 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக வந்து படுக்கை நோயாளிகளைப் பார்க்கும் செவிலியர். அத்தையின் முதுகுப் புண்ணைத் துடைத்துக் கட்டுப் போட்டுக்கொண்டே, நாங்கள் சொன்ன கதைகளையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்பத்தா பயப்படறாங்களாக்கா, இல்ல சும்மா பேசிட்டிருக்காங்களா?" என்றார். பயப்பட்டால் உடம்பில் ஏதோ இருக்கிறது, உடனே போன் செய்யுங்கள்; பயப்படவில்லையென்றால் பேசட்டும், விடுங்கள். அவ்வளவுதான் அவர் சொன்னது. பிறகு நான் படித்த கட்டுரைகளில் எல்லாம் இதைவிடப் பயனுள்ள ஒரு வரியை நான் காணவில்லை.

படித்தவற்றில் சிலவற்றையும் சொல்ல வேண்டும். டப்ளினில் இயற்பியல் பேராசிரியராக இருந்த வில்லியம் பாரெட் திரட்டிய, மரணப் படுக்கையில் தோன்றும் காட்சிகள் பற்றிய நேர்முகக் குறிப்புகள், அவர் மறைந்த பின் 1926இல் நூலாக வந்தன. கார்லிஸ் ஓசிஸ், எர்லெண்டுர் ஹரால்ட்சன் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவிலும் வட இந்தியாவிலும் மருத்துவர்களையும் செவிலியர்களையும் விசாரித்து 1977இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். அமெரிக்க நோயாளிகள் பெரும்பாலும் இறந்துபோன சொந்தக்காரர்களைக் கண்டார்கள். இந்திய நோயாளிகளிடம் தெய்வங்களும் எமதூதர்களும் கூடுதலாக வந்தார்கள், அவர்களில் சிலர் உடன் போக மறுத்தார்கள் என்கிறது அந்த ஆய்வு. எங்கள் வீட்டுக்கு எமனும் வரவில்லை, எருமையும் வரவில்லை. வந்தவை வண்டி மாடுகள். கொங்கு நாட்டுக் கட்டில்களின் அருகில் அமர்ந்து யாராவது கேட்டிருந்தால் அந்தப் பட்டியல் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு ஓர் ஆசை உண்டு. நான் கேள்விப்பட்டவரை எங்கள் பக்கத்துச் சாவுகளில் தெய்வங்களைவிட அக்காமாரும் அப்புச்சிமாரும்தான் அதிகம் வருகிறார்கள்.

அண்மைக் காலத்தில் இத்துறையில் பெரிதும் பேசப்படுவது அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில், இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் ஹாஸ்பிஸ் ஒன்றில் மருத்துவர் கிறிஸ்டோபர் கெர்ரும் அவரோடு பணியாற்றியவர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வு. அவர்கள் மற்றவர்களை விடுத்து நோயாளிகளையே கேட்டார்கள், அதுவும் நாள்தோறும் கேட்டார்கள். 59 பேரில் 88 சதவீதத்தினர் ஒரு கனவையோ காட்சியையோ கண்டதாகச் சொன்னார்கள். மரணம் நெருங்க நெருங்க இறந்தவர்கள் வருவது கூடியது. உயிரோடிருப்பவர்களைக் கண்டதைவிட இறந்தவர்களைக் கண்டதுதான் அதிக ஆறுதல் தந்தது. பயணம் புறப்படுவது, மூட்டை கட்டுவது, யாரோ காத்திருப்பது ஆகியவை திரும்பத் திரும்ப வந்த பொருள்கள். ஆனால் தெளிவாகப் பதில் சொல்லக்கூடியவர்களை மட்டுமே அந்த ஆய்வில் சேர்த்தார்கள். அறிவுக் குழப்பம் உள்ளவர்கள் விலக்கப்பட்டார்கள். ஆய்வு முறைக்கு அது நியாயமே. அதனால், அத்தையைப் போன்றவர்களின் காட்சிகளை அந்த ஆய்வில் யாரும் அவர்கள் வாய்மொழியாகக் கேட்டு எண்ணவில்லை. வீட்டில் உள்ளவர்கள் கண்டதும் கேட்டதும்தான் மிஞ்சுகின்றன. மருத்துவமனைகளில் அவை "குழப்பமாகப் பேசுகிறார்" என்ற இரண்டு சொற்களாகச் சுருங்கிவிடுகின்றன.

காட்சி எல்லாமே மரணத்தின் அறிகுறி என்று எடுத்துக்கொள்வதும் தவறு. லூயி பாடி என்ற வகை டிமென்ஷியாவில் சிறுவர்களும் விலங்குகளும் தெள்ளத்தெளிவாகத் தெரிவது நோயின் தொடக்கத்திலேயே நிகழும். அவ்வகை நோயாளிகளுக்கு இத்தகைய காட்சிகளை அடக்கத் தரும் ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் பெருந்தீங்கு செய்யக்கூடும் என்பதால், "உருவம் தெரிகிறது" என்று சொல்லி மாத்திரை கேட்பதற்கு முன் நோயின் வகை என்ன என்பதை மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ள வேண்டும். பார்வை மங்கியவர்களுக்கு, அறிவு முழுத் தெளிவோடு இருக்கும்போதே, இல்லாத உருவங்கள் தோன்றுவதுண்டு. ஜெனீவாவைச் சேர்ந்த சார்ல்ஸ் பொன்னே, கண்பார்வை இழந்த தன் தாத்தா கண்ட காட்சிகளை 1760இலேயே எழுதி வைத்தார். அந்நிலை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. கண்புரையை அறுக்காமல் விட்ட கிழவிகள் எங்கள் ஊரில் எத்தனையோ பேர். அவர்களில் யாருக்காவது திண்ணையில் ஆள் தெரிந்தால் அதற்காகப் பாடை கட்ட வேண்டியதில்லை, கண் மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.

இறப்பதற்குச் சற்று முன் டிமென்ஷியா நோயாளிக்குத் திடீரென நினைவு தெளிந்து, பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைத்துப் பேசுவதும் உண்டு. மிக்கேல் நாம் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் 2009இல் இதற்கென்று ஒரு பெயர் சூட்டினார். அணையப்போகும் விளக்கு என்று நம்மவர்கள் அதற்கு முன்பிருந்தே சொல்லி வருகிறார்கள். எங்கள் உறவினர் அனைவரும் அத்தையிடம் இதை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். அது நடக்கவில்லை. கடைசிவரை என் கணவரை அவர் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. யாரோ நல்ல பையன் என்ற அளவில் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லாக் கட்டிலருகிலும் அந்தத் தெளிவு வரும் என்று நம்பிக் காத்திருப்பவர்களுக்காக இதையும் எழுதி வைக்கிறேன்.

ஆனால் வேறொன்று நடந்தது. அதைச் சொல்வதற்கு முன் பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். அத்தை இந்த வீட்டுக்கு வந்த சில ஆண்டுகளில், காங்கயத்தில் அவருடைய அம்மா நோயில் விழுந்தார். மாசி மாதம், மஞ்சள் வெட்டி, வேகவைத்து, களத்தில் காயப்போடும் நாட்கள். வேலை முடியட்டும், அப்புறம் போகலாம் என்றார் அத்தையின் மாமியார். வேலை முடிவதற்குள் சாவுச் செய்தி வந்துவிட்டது. எனக்குத் திருமணமான புதிதில், மஞ்சள் கொப்பரையின் அருகில் நின்றபோது, ஒரே ஒருமுறை அத்தை இதை என்னிடம் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, அந்தக் காலம் அப்படி என்று சொல்லி முடித்துக்கொண்டார். என்னை என் தாய்வீட்டுக்கு அனுப்ப அவர் ஒருநாளும் தயங்கியதில்லை என்பதை அப்போது நான் கவனித்தேன்.

அந்த மாமியார் ஒருநாள் மாலை வந்தார். அவர் வந்திருக்கிறார் என்பது அத்தையின் குரலிலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது. எண்பதைக் கடந்தவரின் குரல், இருபது வயது மருமகளின் குரலாகத் தணிந்தது, தலைமாட்டைப் பார்த்து, முந்தானையை இழுத்துவிட முயன்றுகொண்டு, "அத்தை, அம்மாளுக்கு மேலுக்குச் சொகமில்லீங்களாமா. போய் ஒரெட்டுப் பாத்துட்டு வந்தர்றனுங்க" என்றார். பிறகு மௌனம். நான் கதவருகில் நின்றிருந்தேன். உள்ளே போகத் தோன்றவில்லை. வெகுநேரம் கழித்து, "சரீங்க அத்தை" என்றார். என்னைக் கண்டதும், மஞ்சப் பையில் ஒரு சீலையை எடுத்து வைக்கச் சொன்னார். பருத்திச் சேலை ஒன்றை மடித்துப் பையில் போட்டுக் கட்டில் காலில் மாட்டினேன். அதன் பிறகு வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை.

இதைக் கேட்ட என் கணவர், நினைவின் அடியில் கிடந்த ஒன்று மேலே வந்திருக்கிறது என்றார். இருக்கட்டும். பிள்ளையின் பெயர், ஊரின் பெயர், சாப்பிட்டோமா என்பது வரை எல்லாவற்றையும் அழித்த நோய், கேட்கத் தவறிய ஒரு அனுமதியை மட்டும் அழிக்காமல் விட்டிருக்கிறது என்றால், மறதி என்று நாம் சொல்வது எதையெல்லாம் தொடுகிறது, எதைத் தொடுவதில்லை என்பதைப் பற்றி நான் கொண்டிருந்த எண்ணம் மாறித்தான் ஆக வேண்டும்.

இப்படிப்பட்ட நேரங்களில் எப்படிப் பதில் சொல்வது என்று கேட்பவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். இல்லை, அங்கே யாரும் இல்லை என்று மறுத்துப் பயனில்லை. ஆமாம், நானும் பார்க்கிறேன் என்று நடிப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. எங்கள் உறவுப் பெண் ஒருத்தி, பாசத்தால்தான், "ஆமாங்க பெரியம்மா, மாமா வெள்ளை வேட்டி கட்டிட்டு நிக்கறாரு" என்று கூடச் சேர்ந்து பேசினாள். அத்தை அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கேட்பதுதான் நல்லது. என்ன சொல்றாங்க, எங்க போறீங்க, பை எடுத்து வெக்கட்டுங்களா என்று கேட்டால், பேச விரும்புகிறவர் பேசுவார், விரும்பாதவர் விட்டுவிடுவார். அறையில் நிலைக்கண்ணாடி இருந்தால் துணி போட்டு மூடலாம். பொழுது சாய்வதற்கு முன்பே விளக்கைப் போட்டுவிடலாம். ஆணியில் தொங்கும் சட்டையும் துண்டும் மங்கிய ஒளியில் ஆளாகத் தெரியும் என்பதால் அவற்றை அகற்றலாம். அச்சம் தரும் உருவங்களில் சில இதிலேயே குறையக்கூடும். சோறு வேண்டாம் என்றால் வற்புறுத்தி ஊட்டக் கூடாது. உடல் நிறுத்திக்கொள்ளும் வேலைகளில் அதுவும் ஒன்று. பேரப்பிள்ளைகள் கேட்டால் மழுப்ப வேண்டாம். அப்பத்தா யார்கூடப் பேசுது என்று என் மகள் வழிப் பேரன் கேட்டபோது, அவங்க அம்மாகூட என்றேன். எங்களுக்குத் தெரியாதா என்றான். தெரியாது என்றேன். அவனுக்கு அது போதுமானதாக இருந்தது, பெரியவர்களுக்குத்தான் போதவில்லை.

அத்தை ஒரு விடியற்காலையில் போனார். மூச்சு நின்று நின்று வந்து, பிறகு வரவில்லை.

அவர் பேசியவற்றையெல்லாம் நான் ஒரு குறிப்பேட்டில் தேதி போட்டு எழுதி வந்தேன். செவிலியரிடமும் மருத்துவரிடமும் சொல்வதற்கு வசதியாகத் தொடங்கியது அது. கருமாதி முடிந்த பிறகு, பல்லடத்தில் வாழும் என் நாத்தனார் அதை வாங்கிப் படித்தார். அவர் தேடியது தன் பெயரை. அது எங்கும் இல்லை. உயிரோடிருக்கும் பிள்ளைகள் யாருமே அந்தப் பக்கங்களில் இல்லை என்பதை நான் எடுத்துக் காட்டினேன். இறப்பவர்களைச் சுற்றி வருவது பெரும்பாலும் இறந்தவர்கள்தான் என்று ஆய்விலேயே இருப்பதையும் சொன்னேன். ஆய்வு அவருக்கு எந்த ஆறுதலையும் தரவில்லை. ஆனால் பெரியண்ணன் வரும் பக்கங்களில் அவர் நின்றுவிட்டார். இது எங்க பெரிய மாமன் இல்லை அண்ணி என்றார். அம்மா தன் அண்ணனை ஒருநாளும் அப்படி அழைத்ததில்லையாம். காங்கயத்துத் தோட்டத்திலேயே தங்கி வண்டி ஓட்டிய தூரத்து உறவினர் ஒருவரைத்தான் அந்த வீட்டுப் பெண்பிள்ளைகள் எல்லாரும் பெரியண்ணன் என்பார்களாம். கல்யாணமான பிறகு ஒவ்வொரு முறையும் அம்மாவைக் கோபியிலிருந்து தாய்வீட்டுக்குக் கூட்டிப்போக வண்டி கட்டிக்கொண்டு வந்தவர் அவர்தானாம். இந்த வீட்டில் அப்படி ஒருவரைப் பற்றி நானோ என் கணவரோ கேள்விப்பட்டதே இல்லை.

குறிப்பேட்டைத் தானே வைத்துக்கொள்வதாக நாத்தனார் கேட்டார், கொடுத்தேன். எறும்பும் கத்தியும் வரும் அந்த இரவின் பக்கத்தை மட்டும் கிழித்துவிடச் சொன்னார்; "அது காச்சல்ல பேசுனது, அதையெல்லாம் எதுக்குங்க எழுதி வெச்சிருக்கறீங்க?" என்றார். நான் சம்மதிக்கவில்லை. சிறுநீர்ப் பரிசோதனை செய்ய வைத்தது அந்தப் பக்கம்தான். அவருக்கோ எனக்கோ வயதாகும்போது எங்கள் பிள்ளைகளுக்கு முதலில் தேவைப்படப் போவதும் அதுதான்.